முன்ரூமைக் காலி செய்யும்போது கிடைத்தது

அன்பு மகனுக்கு,

இதைக் கையால் எழுதுகிறேன். டைப் மிஷினில் அடித்து அனுப்பினால் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்த மாதிரி இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னாய். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் ஒரு நிலையில் இல்லை. எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்று பிடிபடாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஊரார் மனுக்களை எல்லாம் ஒரே மூச்சில் அடித்துத் தருகிறவளுக்கு, சொந்த விஷயம் என்றதும் முதல் வரியே வரவில்லை. முன்பின்னாகத்தான் வரும். பொறுமையாகப் படி.

போன மாதம் நீ போட்ட கடிதத்தில் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கிற நாள், கல்யாணத் தேதி எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாய். "ஈஸ்டர் முடிந்ததும் ஸ்டெல்லா வீட்டார் எலத்தகிரியிலிருந்து நம் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். முன்ரூமில் நாலு பேர் உட்காருகிற மாதிரி கொஞ்சம் ஒழித்து வையுங்கள்." அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. கோபமா, வெட்கமா என்று தெரியவில்லை. எட்டு வருஷமாக நீ கிறிஸ்துமஸுக்கு வருகிறாய், இரண்டு நாள் இருக்கிறாய், போகிறாய். ஒரு தடவையாவது முன்ரூமுக்குள் கால் வைத்திருக்கிறாயா? பின்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையல்கட்டுக்கு வந்துவிடுவாய். போகும்போதும் பின்வாசல். நான் அதைக் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பாய். கவனித்தேன். கேட்கத்தான் வாய் வரவில்லை. அப்படிப்பட்ட நீ அந்த ரூமைப் பற்றி ஒரு வரி எழுதியதே பெரிய விஷயம் என்று அப்புறம் தோன்றியது. அதனால் உடனே வேலையில் இறங்கினேன்.

அந்த ரூம் எப்படி இருந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ போன பிறகு இன்னும் எட்டு வருஷத்துக் காகிதம் சேர்ந்திருக்கிறது. அப்பா இருந்த காலத்தில் ஒரு மேஜை, ஒரு மிஷின், ஒரு பெஞ்சு. கோர்ட்டுக்கு எதிரே வீடு இருந்ததால் அது போதும். அவர் போனதும் அதே மிஷினில் எழுத்து எழுத்தாகத் தேடித் தேடி நான் அடிக்கக் கற்றுக்கொண்டேன். ஒன்பது வயது நீ பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த எழுத்து எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டுவாய். தொழிலுக்கு வந்த முதல் வருஷமே, ஒருவருடைய மனுவில் சர்வே எண்ணை நான் தப்பாக அடித்துவிட்டேன் என்று வீட்டு வாசலில் நின்று கத்தினார். கார்பன் காப்பியை எடுத்துக் காட்டினேன். தப்பு அவர் எழுதிக் கொடுத்ததில் இருந்தது. தாளை மடித்துக்கொண்டு போனார். அன்றைக்குப் பிடித்தது எனக்கு அந்தப் பழக்கம். அடித்ததில் ஒரு காப்பி, ஒரே ஒரு காப்பி, எல்லாவற்றிலும். பெஞ்சுக்கு அடியில், பரண்மேல், ஜன்னல் திட்டில், அப்பாவின் டிரங்குப் பெட்டியில், கடைசியில் பெஞ்சின்மேலேயே. வந்தவர்கள் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனார்கள். தமிழ் மிஷின் வாங்கினதும் இன்னொரு மேஜை வந்தது. சுத்தமாக நடக்க இடமில்லாமல் போய்விட்டது.

முதல் நாள் மூன்று குவியல் போட்டேன். வைத்துக்கொள்வது, திருப்பிக் கொடுப்பது, எரிப்பது. சுலபமாகத்தான் தோன்றியது. ஆனால் ஒரு தாளைக் கையில் எடுத்தால் கீழே வைக்க முடியவில்லை. படிக்க ஆரம்பித்துவிடுகிறேன். கோலாரில் சுரங்க வேலைக்குப் போன புருஷனுக்கு ஒருத்தி சொல்லச் சொல்ல அடித்தது, "மாடு கன்று போட்டிருக்கிறது, உங்கள் ஜாடைதான் இல்லை" என்று அவள் விளையாட்டாகச் சொன்னதையும் நான் அப்படியே அடித்திருக்கிறேன். கிணற்றுத் தகராறு, பள்ளிக்கூடத்துக்கு ஓடு கேட்டு ஒரு மனு, ரேஷன் கார்டில் செத்தவர் பெயரை எடுக்கச் சொல்லி ஒன்று. "சேலம் ஜில்லா, ஓசூர் தாலுகா" என்று தலைப்பு அச்சடித்த வெறும் பாரங்கள் இரண்டு கட்டு. தருமபுரி தனி ஜில்லா ஆன அன்றே அதற்கு உயிர் போய்விட்டது. இப்போது மாநிலத்தின் பெயரையே மாற்றிவிட்டார்கள். அதையும் தூக்கிப் போட மனசில்லை, பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது. மத்தியானத்துக்குள் நாலாவதாக ஒரு குவியல் வந்துவிட்டது. யாருடையது, எதற்கு என்றே தெரியாதது. மாலைக்குள் அதுதான் மற்ற மூன்றையும்விடப் பெரிதாகிவிட்டது. மூன்றாம் நாள் பார்த்தால், ஆரம்பித்தபோது இருந்ததைவிட ரூம் மோசமாக இருக்கிறது. எந்தக் குவியல் எது என்பதே எனக்கு மறந்துவிட்டது. எரிப்பதற்கு வைத்ததை மறுபடி வைத்துக்கொள்வதில் சேர்த்திருக்கிறேன். கதவோரம் உட்கார்ந்து அழுதேன். ஐம்பது வயதில் இது என்ன கூத்து என்று எனக்கே இருந்தது.

தாளை விட்டுவிட்டு முதலில் மேஜையைத் துடைப்போம் என்று எழுந்தேன். அங்கேதான் வந்தது வினை. அப்பாவின் இங்கிலீஷ் மிஷினை இப்போது யாரும் தேடுவதில்லை, எல்லா ஆபீசும் தமிழுக்கு வந்துவிட்டது. அதைப் பரணுக்கு ஏற்றிவிட்டு மேஜையை உள்ளே போட்டால் நாலு நாற்காலிக்கு இடம் கிடைக்கும். தனியாகத் தூக்க முடியாது என்று மெதுவாக ஸ்டூலுக்கு நகர்த்தினேன். சத்தம் கேட்காமல் இருக்க மிஷினுக்கு அடியில் அப்பா ஒரு தடித்த கம்பளித் துண்டை விரித்து, மூன்று பக்கமும் சின்ன ஆணி அடித்திருந்தார். சுவரோரப் பக்கம் மட்டும் திறந்திருக்கும். ஈரத்தில் சுருண்ட தாளை அந்த வழியாக உள்ளே நுழைத்து வைப்பேன். மிஷின் கனத்தில் மறுநாள் தாள் நேராகிவிடும். கம்பளி பூச்சி அரித்துக் கிடந்தது. ஆணியைப் பிடுங்கி உரித்தேன். மேஜைப் பலகையோடு ஒட்டிக்கொண்டு ஒரு எஸ்.எஸ்.எல்.சி. சர்ட்டிபிகேட் புத்தகம் இருந்தது. மெல்லிய புத்தகம், மூலை கறுத்திருந்தது. கத்தி வைத்துக் கிளப்பி எடுத்தேன். முதல் பக்கத்தில் பெயர் இருந்தது. நாராயணப்பா.

தம்பி, இந்த இடத்தில் நீ கடிதத்தைக் கீழே வைத்துவிடாதே. படி.

எட்டு வருஷத்துக்கு முன் நடந்ததை நான் இதுவரை யாரிடமும் வரிசையாகச் சொன்னதில்லை. எனக்கு நானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. ஐப்பசி மழை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாகலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நாராயணப்பா தொப்பலாக நனைந்து வந்தார். அப்போது அவருக்கு இருபது வயது இருக்கும். சேலத்தில் ஒரு குமாஸ்தா வேலைக்கு வியாழக்கிழமை இண்டர்வியூ. புத்தகத்துக்கு மூன்று நகல் அடிக்க வேண்டும், அசலையும் கையோடு கொண்டுபோக வேண்டும். துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தும் புத்தகம் ஈரமாகியிருந்தது. திங்கட்கிழமை வாருங்கள் என்று வாங்கி வைத்தேன். மறுநாள் ஞாயிறு, கிருஷ்ணகிரியில் ஒரு சாவுக்குப் போய்விட்டேன். நான் திரும்பி வருவதற்குள் நீ முன்ரூமையே புரட்டிப் போட்டுச் சுத்தம் செய்திருந்தாய். பெஞ்சு காலியாக இருந்தது. தரை கழுவியிருந்தது. வீணான கார்பன், கசக்கின தாள், அரித்த கட்டு எல்லாவற்றையும் கொல்லையில் போட்டு எரித்திருந்தாய். அம்மா வந்து பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்று வாசலில் நின்றுகொண்டிருந்தாய். பதினேழு வயது உனக்கு. நான் ஒரு வார்த்தை நன்றாயிருக்கிறது என்று சொன்னேனா? எவ்வளவு யோசித்தும் சொன்னதாக நினைவு வரவில்லை.

திங்கட்கிழமை நாராயணப்பா வந்து நின்றார். புத்தகம் இல்லை. மூன்று பேரும் தேடினோம். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தோம். பரண்மேல் ஏறினோம். நீ அந்த மிஷினைக்கூடச் சாய்த்துப் பார்த்தாய், கம்பளிக்கு மேலே ஒன்றும் இல்லை. அதன் அடியில் கை விட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. நான் உன் முகத்தைப் பார்த்தேன்.

"நேத்து என்னடா எரிச்ச?"

"வேஸ்ட் பேப்பர்தாம்மா. புக்கு எதையும் நான் பாக்கல."

"பாக்காமதான் எரிச்சிருப்ப."

"இல்லம்மா. ஒவ்வொண்ணா பாத்துத்தான் போட்டேன். சத்தியமா எரிக்கலம்மா."

அவர் எதிரில் கை ஓங்கி உன் கன்னத்தில் அறைந்தேன். உன்னைவிட அவர்தான் துடித்துப் போனார். "அம்மா, வேணாம், விடுங்க" என்று நடுவில் வந்தார். அதற்கப்புறம் நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த மாதமே பெங்களூரில் சித்தப்பா வீட்டுக்குப் போய், லேத் வேலை கற்றுக்கொள்கிறேன் என்று ஃபாக்டரியில் சேர்ந்துவிட்டாய். பிள்ளை பிழைக்கப் போயிருக்கிறான் என்று ஊரில் சொன்னேன். பொய்யில்லை. ஆனால் அது மட்டும் இல்லை.

இப்போது சொல். அந்தப் புத்தகத்தைக் கம்பளிக்கு அடியில் வைத்தது யார்? என் கைதான். என்னைத் தவிர அந்த வழியாக யாரும் எதையும் நுழைத்ததில்லை. ஆனால் என் கை வைத்தது எனக்கு நினைவில்லை. மழை நினைவிருக்கிறது, அவர் துண்டால் தலையைத் துவட்டினது நினைவிருக்கிறது, புத்தகத்தின் அட்டை சுருண்டிருந்தது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. திங்கட்கிழமை நான் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் செய்தது தப்பில்லை என்று ஒரு நேரம் தோன்றுகிறது. தெரியாது என்றால் தெரியாது என்றுதானே சொல்லியிருக்க வேண்டும், உன்மேல் ஏன் போட்டேன் என்று அடுத்த நேரம் தோன்றுகிறது.

உன்னிடம் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. புத்தகத்தை எடுத்ததும் முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? எரிக்கிற குவியலில் போட்டுவிடலாம் என்று. யாருக்குத் தெரியப் போகிறது? எரித்துவிட்டால் நான் அன்றைக்குச் சொன்னது உண்மையாகிவிடும். ஒரு முழு நாள் அதை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன், என் வீட்டில் எனக்கே தெரியாமல் ஒளிக்கிற மாதிரி. சிலுவைப் பாதை ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போனேன், பதினாலு ஸ்தலத்தில் ஒன்றிலும் மனசு நிற்கவில்லை. மறுநாள் காலையில் பஸ் ஏறிவிட்டேன். முடிவெடுத்துப் போனேன் என்று சொல்ல மாட்டேன். பஸ் வந்து நின்றது, ஏறினேன்.

பாகலூரில் இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்தேன். தமிழில் கேட்டால் தெலுங்கில் வழி சொன்னார்கள், தெலுங்கில் கேட்டால் கன்னடத்தில். நாராயணப்பா வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். நீளமான ஒரு கொட்டகை முழுக்க, தரையிலிருந்து கூரைவரை, மூங்கில் தட்டுகள் அடுக்கடுக்காக. உள்ளே நுழைந்தால் சின்ன மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். புழுக்கள் இலை தின்கிற சத்தமாம். அவரும் மனைவியும் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தலையில் முன்பக்கம் முடி போய்விட்டது அவருக்கு. இருபத்தெட்டு வயது என்று சொல்ல முடியாது.

"டைப்பம்மாவா? என்னாங்கம்மா இந்த வெயில்ல? யார்கிட்டியாவது சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே. உள்ள வாங்க. எல போட்டுக்கினே பேசறேன், தப்பா நெனைக்காதீங்க. புழு பெருசாயிடுச்சி, ஒரு வேள தவறினா போச்சி."

நான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். திறந்தார். உயரம், அங்க அடையாளம், மார்க்கு எல்லாவற்றையும் யாரோ ஒருவருடையதைப் படிக்கிற மாதிரி படித்தார்.

"அட, நம்ம புக்கு. எங்க இருந்துச்சி?"

"மிஷினுக்கு அடியில. கம்பளிக்குக் கீழ. நான்தான் வெச்சிருக்கேன். ஈரம் காயட்டும்னு வெச்சிருப்பேன்."

"எரிஞ்சி போச்சின்னு இல்ல சொன்னாங்க?"

"அன்னிக்கு நான் சொன்னேன். தப்பா சொல்லிட்டேன்."

"நீங்க சொன்னத விடுங்கம்மா. உங்க பையனே சொன்னானே."

எனக்குப் புரியவில்லை. எப்போது என்று கேட்டேன். அவர் தட்டை அடுக்கில் செருகிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அந்த வாரமே புதங்கெழம சைக்கிள்ல வந்தான். இதோ, அந்தப் புளியமரத்துக்கிட்ட நின்னான். 'அண்ணா, நாந்தான் எரிச்சிட்டேன். குப்பையோட குப்பையா போயிருக்குது. எங்கம்மா மேல தப்பில்ல. பஸ்ல தொலைச்சிட்டேன்னு வெளியில சொல்லிக்கங்க. டைப்பம்மாகிட்ட குடுத்தா தொலைஞ்சிடும்னு பேர் வந்துட்டா எங்களுக்கு வேற பொழப்பு இல்ல'ன்னான். எனக்குக் கோவம்தான். ஆனா அந்தப் பையன் மூஞ்சியப் பாத்து என்னா பேசறது? டூப்ளிகேட் வேணும்னா எப்படித் தொலைஞ்சதுன்னு எழுத்துல குடுக்கணும்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டார். அதையும் அவனே, நாந்தான் எரிச்சேன்னு டைப் அடிச்சி, கையெழுத்துப் போட்டுக் கொண்டாந்தான். என்கூட ஸ்கூலுக்கு வந்து அவர்கிட்ட திட்டும் வாங்கினான். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நான் காலைப் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் நீ அந்த இங்கிலீஷ் மிஷினில் அதை அடித்திருக்க வேண்டும். "நான் என் கவனக்குறைவால் எரித்துவிட்டேன்" என்று நீ இங்கிலீஷில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டத் தட்ட, உன் மணிக்கட்டுக்குக் கீழே, ஒரு விரல்கடைத் தூரத்தில் அந்தப் புத்தகம் இருந்திருக்கிறது.

அந்த வேலை உங்களுக்குப் போய்விட்டதே என்று கேட்டேன். என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டேன்.

"போச்சிதான். டூப்ளிகேட் வர ஒரு வருசம் ஆச்சி. அந்த ஒரு வருசம் எங்கப்பாகிட்ட நான் பேசல. யார் மேல கோவம்னே தெரியல. அப்புறம் நெலத்தப் பாத்தேன், கல்யாணம் ஆச்சி, இந்தப் புழு வந்துச்சி. இப்ப நல்லாத்தான் இருக்கோம். ஆனா அது போனது நல்லதுக்குத்தான்னு நான் சொல்ல மாட்டேம்மா. அத கேக்கறதுக்கு வந்திருந்தீங்கன்னா, மன்னிச்சிக்கங்க."

அதைக் கேட்கத்தான் போயிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பரவாயில்லை, எல்லாம் நல்லதுக்குத்தான் என்று அவர் வாயால் ஒரு வார்த்தை. அது கிடைக்கவில்லை. அவர்மேல் எனக்கு மரியாதைதான் வந்தது. நான் கை கூப்பினேன். அவர் எழுந்து, "ஐயோ, பெரியவங்க, கையெல்லாம் கூப்பாதீங்க" என்று பதறினார். பிறகு மனைவியிடம் தெலுங்கில் மோர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"எங்கிட்ட வந்துட்டீங்க, சரி. பையங்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல" என்றேன்.

"அவன்கிட்டதான் மொதல்ல போயிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். மோர் குடித்தேன். உன் கல்யாணத்தைச் சொல்லி அழைத்தேன். புழு கூடு கட்டி முடித்திருந்தால் கண்டிப்பாக வருகிறேன் என்றார். புத்தகத்தை வைத்துக்கொண்டார். வேண்டியதில்லைதான், ஆனாலும் பெட்டியில் கிடக்கட்டும் என்றார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து இரண்டு நாள் நான் ஒரே ஒரு தாளைத் தேடினேன், நீ அடித்த அந்தக் கடிதத்தின் காப்பியை. நம் வீட்டில் எதை அடித்தாலும் கார்பன் வைத்துத்தான் அடிப்போம். நீயும் பழக்கத்தில் வைத்திருப்பாய், காப்பி இங்கேதான் இருக்கும் என்று ஒரு வெறி. நாலு குவியலையும் கலைத்தேன். ஒவ்வொரு தாளாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உன் கையெழுத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், எல்லாம் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். என்ன தெளியும்? கிடைக்கவில்லை. கிடைக்காததால் ஒரு தாளையும் எரிக்க முடியவில்லை. எந்தத் தாள் அதுவோ என்று எல்லாத் தாளும் வேண்டியதாகிவிட்டது. இப்படியே போனால் ஸ்டெல்லா வீட்டார் வந்து வாசலில் நிற்பார்கள், நான் காகிதத்துக்கு நடுவில் உட்கார்ந்திருப்பேன்.

நேற்று காலையில் எழுந்ததும் ஒன்று செய்தேன். மற்றவர்களுடைய அசல்களை மட்டும் பொறுக்கித் தனியாக எடுத்தேன். பதினொன்று இருந்தது. ஒரு பிறப்புச் சர்ட்டிபிகேட், இரண்டு பட்டா, ஞானஸ்நானச் சீட்டு, அப்படி. ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு எழுதிப் போட்டேன், வந்து வாங்கிப் போங்கள், வைத்திருந்தது என் தப்பு என்று. மீதி எல்லாவற்றையும், ஒரு வரியும் படிக்காமல், கொல்லைக்குக் கொண்டுபோய் எரித்தேன். காலையில் ஆரம்பித்தது, முடிய மத்தியானம் ஆகிவிட்டது. கார்பன் தாள் எரியும்போது நீலமாகப் புகை வரும், உனக்குத் தெரியும். கண்ணெல்லாம் எரிந்தது.

சாம்பலைத் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு நின்றபோது ஒன்று தோன்றியது. இப்போது யாராவது வாசலில் வந்து நின்று, என் புத்தகத்தை எரித்துவிட்டாயே என்று கேட்டால், இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியுமா? முடியாது. பார்த்துத்தான் போட்டேன் என்று முதலில் சொல்லுவேன். அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னால், ஒருவேளை எரித்திருப்பேனோ என்று எனக்கே வந்துவிடும். அதுவும் பெற்ற தாய் சொன்னால்? அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். நீ நாராயணப்பாவிடம் போய்ச் சொன்னபோது, உண்மையிலேயே நீதான் எரித்தாய் என்று நம்பிவிட்டாயா? இல்லை, எரிக்கவில்லை என்று தெரிந்தும் என் பிழைப்புக்காகச் சொன்னாயா? நம்பியிருந்தால், செய்யாத தப்பை எட்டு வருஷம் உன்னைச் சுமக்க வைத்திருக்கிறேன். தெரிந்து சொல்லியிருந்தால், என் தப்பை எட்டு வருஷம் நீ சுமந்திருக்கிறாய். இரண்டில் எது எனக்குக் கொஞ்சமாவது தாங்கும் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. நீ எழுதினால்தான் தெரியும்.

குடித்தனம் தொடங்கப் போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு இருக்கிற குழப்பத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் வரவில்லை. உங்கள் வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால், பொருளைத் தேடு. ஆளின் முகத்தைப் பார்க்காதே. நான் பொருளைத் தேடுவதற்கு முன்னால் உன் முகத்தைப் பார்த்தேன், அப்புறம் எங்கே தேடியும் அது எனக்குக் கிடைக்கவில்லை. ஸ்டெல்லா உன் கைக்குட்டையை எங்கேயோ வைத்துவிட்டால், வைத்துவிட்டாள், அவ்வளவுதான். அப்புறம், ஒருவர் நம்மைச் சந்தோஷப்படுத்த ஒரு வேலை செய்து முடித்து நிற்கும்போது, முதலில் அதைப் பார். நன்றாயிருக்கிறது என்று சொல். குறை சொல்லுவதற்கு அப்புறம் நேரம் இருக்கும்.

ரூம் காலியாக இருக்கிறது. தமிழ் மிஷினும் அதன் மேஜையும் சுவரோரம், நாலு நாற்காலி நடுவில். பேசினால் எதிரொலிக்கிறது. நான் இன்றைக்கு அதில் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். வேலைக்கு வந்த ஒருவர், "என்னாங்கம்மா, வூடு மாத்திக்கினு போறீங்களா?" என்று கேட்டார். இனிமேல் வாங்குகிற அசலை அன்றைக்கே, ஆள் எதிரிலேயே அடித்துக் கையில் கொடுத்து அனுப்புவது என்று வைத்திருக்கிறேன். முடியவில்லை என்றால் வேலையே வேண்டாம்.

அன்றைக்கு நாராயணப்பா எதிரில்தான் உன்னை அடித்தேன். அவர் கல்யாணத்துக்கு வந்தால், அவர் எதிரிலேயே உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன். நீ தடுக்கக் கூடாது. அம்மா, விடுங்கள், நல்ல நாளில் எதற்கு என்று சொல்லுவாய், எனக்குத் தெரியும். சொல்லாதே. அவர் வராவிட்டால், நாம் இரண்டு பேரும் பாகலூருக்கு ஒரு நாள் போய் வரலாம். இந்தக் கடிதத்திலேயே கேட்டுவிட்டால் போதுமே என்று நினைத்தேன், அது வசதியாக இருப்பதால்தான் வேண்டாம் என்று விட்டேன்.

இந்தக் கடிதத்தை ஸ்டெல்லாவிடம் காட்டுவதா வேண்டாமா என்று எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. காட்டினால் வருவதற்கு முன்பே என்னைப் பற்றி ஒரு எண்ணம் விழுந்துவிடும். காட்டாவிட்டால் நானும் எதையோ அடியில் வைத்து மூடின மாதிரி ஆகும். நீயே முடிவு செய். காட்டுவதாக இருந்தால், உன்னை அறைந்தது என் வலது கை என்பதையும் சொல்லிவிடு. கல்யாணத்தன்று கோயில் வாசலில் அவள் அந்தக் கையைப் பிடிக்கும்போது, தெரிந்தே பிடிக்கட்டும்.

உன் அம்மா